புனைமொழிக்கு எண்ணுப்பெயர் அமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைக்காகவோ, விளையாட்டுக்காகவோ, வெறும் ஆசைக்காகவோ சொந்தமாக ஒரு மொழியைக் கட்ட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் எண்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஒலிகளையும் வேற்றுமை உருபுகளையும் ஆறு மாதம் உட்கார்ந்து யோசிப்பார்கள். ஒன்று முதல் பத்து வரை பத்துச் சொற்களை மட்டும் ஐந்து நிமிடத்தில் எழுதி மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கருவாடு உலர்த்தி விற்கும் தீவு மக்கள் சிலருக்காக நான் ஒரு மொழி கட்டிவருகிறேன். அதன் எண்களை மூன்று முறை கலைத்துவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறேன். கீழே உள்ள கேள்விகளில் பாதி பிறர் கேட்டவை. மீதி நானே என்னைக் கேட்டுக்கொண்டவை.

அடிமானம் பத்தாகத்தான் இருக்க வேண்டுமா?

எந்த எண்ணை ஒரு கட்டாக வைத்து மேலே எண்ணிக்கொண்டு போகிறோமோ அதுதான் அடிமானம். அது பத்தாக இருப்பது கட்டாயம் இல்லை. ஆனால் பத்துக்கு இருக்கும் செல்வாக்கைத் தெரிந்துகொண்டு விலகுவது நல்லது. மொழியியலாளர் பெர்னார்ட் காம்ரி 196 மொழிகளை ஒப்பிட்டபோது 125 மொழிகள் பத்தடி முறையில் இருந்தன. 20 மொழிகள் முழுக்க இருபதடி. இன்னொரு 22 மொழிகள் இருபதையும் பத்தையும் கலந்தவை. மற்றொரு 20 மொழிகளில் எண்ணுப்பெயர்கள் ஏறத்தாழ இருபதோடு நின்றுவிடுகின்றன. மிஞ்சிய சில மொழிகளில்தான் வேறு அடிமானங்களும் உடல் உறுப்புகளை வைத்து எண்ணும் முறைகளும் போன்ற விநோதங்கள் இருக்கின்றன.

காரணம் விரல்கள்தான். ஆனால் பத்து விரல் உள்ளவர்கள் எல்லோரும் பத்தையே எண்ண வேண்டும் என்பதில்லை. கலிபோர்னியாவின் யூகி மக்கள் விரல்களை விட்டுவிட்டு விரல் இடுக்குகளை எண்ணினார்கள்; அதனால் எட்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். விரலுக்கு மூன்று கணு, ஒரே கையில் பன்னிரண்டு. பப்புவா நியூ கினியின் ஒக்சாப்மின் மக்கள் ஒரு கையின் கட்டைவிரலில் தொடங்கி, விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், காது, கண் என்று ஏறி மூக்கைத் தொடும்போது 14. மறுபக்கம் அதே வழியில் இறங்கிச் சுண்டுவிரலில் முடிக்கும்போது 27. அங்கே எண்ணின் பெயரும் உறுப்பின் பெயரும் ஒன்றுதான்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

"பன்னிரண்டு அழகாக வகுபடும்" என்பது பள்ளிக் கணக்கு ஆசிரியரின் காரணம். உங்கள் மக்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்காது. அவர்கள் உடம்பு எப்படிப்பட்டது, பிழைப்பு என்ன, எதைக் கட்டி விற்கிறார்கள் என்று பாருங்கள்.

உடம்பை வைத்துத் தேர்ந்ததற்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு, அவதார் படத்துக்காகப் பால் ஃப்ரோமர் உருவாக்கிய நாவி மொழி. அந்த மக்களுக்குக் கைக்கு நான்கே விரல். மொழியில் அடிமானம் எட்டு. பிழைப்பை வைத்து அமைந்ததற்கு நியூ கினித் தீவின் தென்பகுதிக்குப் போக வேண்டும். அங்கே கானும், கொம்ன்சோ போன்ற மொழிகளில் அடிமானம் ஆறு. ராசவள்ளி இனக் கிழங்குகளை எண்ணிக் குவிக்கும் வேலையோடு பிணைந்த முறை அது. இருவர் ஆளுக்கு மூன்று கிழங்காக எடுத்துவந்து வைப்பார்கள். ஒரு நடைக்கு ஆறு. ஆறு, 36, 216, 1,296, 7,776, 46,656 என்று ஒவ்வொரு படிக்கும் கொம்ன்சோவில் தனிச்சொல் உண்டு. மின்சாரமும் வங்கியும் இல்லாத ஊருக்கு 46,656 எதற்கு என்று கேட்காதீர்கள். கிழங்கு அவர்களுக்குச் சொத்து. குவியலின் உயரத்தில்தான் கௌரவம்.

என் தீவு மக்களும் ஆறடிக்காரர்கள். மீன்களின் செவுளில் நார் நுழைத்து ஆறாறாகக் கோர்த்துத் தொங்கவிடுவார்கள். அந்தக் கோர்வைக்குப் பெயர் சூர். ஆறுக்கும் அதுதான் பெயர்.

சொற்களை உருவாக்குவதைக் கொஞ்சம் செய்து காட்ட முடியுமா?

என் மொழியிலிருந்தே காட்டுகிறேன். ஒன்று முதல் ஐந்து வரை: தோ, கெவி, மரு, இசன், பெல். பெல் என்றால் கை என்றும் பொருள். ஆறு, சூர். ஆறு சூர் கொண்ட கூடை வத்தா, அதாவது 36. ஆறு கூடை ஏற்றும் தோணி ஒமே, 216. இந்த எட்டுச் சொற்களைக் கொண்டு 1,295 வரை எண்ணலாம்.

17 என்பது இரண்டு ஆறும் ஐந்தும். முதலில் "கெவிசூர் பெல்" என்று வைத்தேன். உரக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் ஒரு வாரத்தில் என் நாக்கே அதை "கேசூர் பெல்" ஆக்கிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன். பிறகு மற்றவற்றையும் தேய்த்தேன்: 18 மச்சூர், 24 இஞ்சூர், 30 பெச்சூர். 100 என்பது இரண்டு 36, நான்கு ஆறு, மேலே நான்கு. ஆகவே "கெவத்தா இஞ்சூர் இசன்". சந்தையில் 35ஐ யாரும் "பெச்சூர் பெல்" என்று நீட்டுவதில்லை. "நுவத்தா" என்பார்கள், கூடைக்கு ஒன்று குறை.

என் மொழியில் எல்லா எண்களும் ஒரே ஒழுங்கில் இருக்கின்றன. அது நல்லதுதானே?

எதற்காகக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலகம் முழுவதும் எளிதாகக் கற்க வேண்டும் என்று 1887இல் சாமன்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோவுக்கு ஒழுங்கு அவசியம். அங்கே இரண்டு 'து', பத்து 'தெக்'; 20 'துதெக்', 12 'தெக் து'. பத்து நிமிடத்தில் கற்றுவிடலாம். ஆனால் உங்கள் கதையில் ஆயிரம் ஆண்டுகளாகப் பாட்டிகளும் மீன்காரர்களும் பேசித் தேய்த்த மொழி என்று ஒன்று வருமானால், அதில் விளிம்பு மழுங்காத எண்கள் இருப்பது புதுச் செருப்போடு வயலில் நிற்பதைப் போலத் தெரியும்.

தமிழையே பாருங்கள். பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் "பதினிரண்டு" வர வேண்டும், வருவது பன்னிரண்டு. நான்கு, நாற்பதிலும் நானூற்றிலும் நாலாயிரத்திலும் மூன்று வேடம் போடுகிறது. எட்டு எண்பதாகிறது. மூன்று மூவாயிரமாகக் குறுகி நிற்க, இரண்டாயிரம் முழுதாக நடமாடுகிறது. ஈராயிரம் செய்யுளில் உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது ஒன்பது. எட்டு, எண்பது, எண்ணூறு என்று வந்த பிறகு 90க்குத் தொண்ணூறு, 900க்குத் தொள்ளாயிரம். ஒன்பதுக்குள் பத்து, தொண்ணூற்றுக்குள் நூறு, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். ஒவ்வொன்றும் அடுத்த படியின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. பழைய தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்ற சொல் இருந்தது, தொல்காப்பியத்திலேயே காணலாம். அது வழக்கொழிந்தது, அதன் நிழல் மட்டும் தங்கிவிட்டது. இப்படி ஒரு தழும்பையாவது உங்கள் மொழிக்குக் கொடுங்கள்.

எச்சரிக்கை: இந்தியைப் பார்த்து மயங்கி, 1 முதல் 99 வரை எல்லாவற்றையும் ஒழுங்கு குலைத்துவிடாதீர்கள். இந்தி அதைத் தாங்குகிறது; கோடிக்கணக்கான குழந்தைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். உங்கள் மொழியை மனப்பாடம் செய்ய நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

கழித்துச் சொல்லும் எண்கள் உண்மையான மொழிகளில் உண்டா?

தாராளமாக. லத்தீனில் 18 "இருபதுக்கு இரண்டு குறை". சமஸ்கிருதத்தின் ஏகோனவிம்சதி இருபதுக்கு ஒன்று குறை. அதன் வாரிசுதான் இந்தியின் உன்னீஸ். இன்னும் வேடிக்கை வேண்டுமானால் டேனிஷ் மொழிக்குப் போகலாம். அங்கே 50க்கான சொல்லைப் பிரித்தால் "மூன்றாவதில் பாதி இருபது" என்று வரும்: முழுதாக இரண்டு இருபது, மூன்றாவது இருபதில் பாதி. பின்னிஷ் மொழியில் 11 என்பது "இரண்டாவதில் ஒன்று", அதாவது இரண்டாம் பத்தில் முதலாவது. நாம் கடந்து வந்ததோடு கூட்டிச் சொல்கிறோம். அவர்கள் போய்ச் சேரும் இடத்தை வைத்துச் சொல்கிறார்கள். புனைமொழிகளில் இந்த வகையை நான் அதிகம் பார்த்ததில்லை. முயன்று பாருங்கள்.

பத்தைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்வதா, ஒன்றைச் சொல்லிவிட்டுப் பத்தையா?

இரண்டும் நடக்கும். ஜெர்மன்காரர்கள் 24ஐ "நான்கும் இருபதும்" என்றே சொல்கிறார்கள். நார்வேயிலும் அப்படித்தான் இருந்தது. தொலைபேசி எண்களைச் சொல்லும்போது குழப்பம் வருகிறது என்று 1951இல் அதிகாரபூர்வமாக "இருபத்து நான்கு" முறைக்கு மாற்றினார்கள். பழைய வழக்கு இன்னும் பலர் வாயில் இருக்கிறது. கதைக்கு இது நல்ல தீனி: தாத்தா ஒரு வரிசையிலும் பேத்தி மறு வரிசையிலும் சொன்னால், இடையில் ஓர் அரசாணை நடந்திருக்கிறது என்று வாசகருக்கு விளக்காமலே விளங்கும். ஸ்டார் ட்ரெக் கதைகளில் வரும் கிளிங்கான் மக்களுக்கு மொழி உருவாக்கிய மார்க் ஒக்ராண்ட், அம்மக்கள் முன்பு மூன்றடி முறையில் எண்ணி, பிறகு பத்தடிக்கு மாறியதாகவே வைத்திருக்கிறார்.

ஒலியில் கவனிக்க வேண்டியது என்ன?

இரண்டு எண்கள் ஒன்றுபோல் ஒலிக்கக் கூடாது. தொலைபேசியில் "ஐம்பதா, எண்பதா?" என்று நாம் திரும்பக் கேட்பதில்லையா, அந்த அவதிதான். ஜப்பானியர் ஏழுக்கு 'ஷிச்சி' என்ற சொல்லை வைத்துக்கொண்டே பல இடங்களில் 'நானா' என்கிறார்கள். ஒன்றுக்கான 'இச்சி'யோடு அது மோதுகிறது.

தவறான வடிவமைப்புக்கு ஒரு பாடம் ஜெர்மன் பாதிரியார் ஷ்லையர் 1879இல் கொண்டுவந்த வோலாபூக். அங்கே 'பால்' ஒன்று, 'தெல்' இரண்டு. பத்துக்குத் தனிச்சொல் வைக்காமல் பன்மை விகுதியான 'ஸ்' சேர்த்தார்: 'பால்ஸ்' பத்து, 'தெல்ஸ்' இருபது. காகிதத்தில் அற்புதம். கூச்சலான சந்தையில் ஒரு 'ஸ்' காதில் விழாவிட்டால் இருபது ரூபாய்ப் பொருள் இரண்டு ரூபாய்க்குப் போய்விடும். 1931இல் அந்த மொழியைத் திருத்தியபோது பத்துக்கு 'தெக்' என்று தனிச்சொல் கொடுத்தார்கள்.

பூஜ்யத்துக்குச் சொல் வேண்டுமா?

எண்ணுவதற்கு வேண்டாம்; "இல்லை" போதும். எழுதுவதற்கும் கட்டாயமில்லை. பழைய தமிழ் எழுத்துமுறையில் 2,345ஐ ௨௲௩௱௪௰௫ என்று எழுதினார்கள். ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றுக்குத் தனிக்குறி இருந்ததால் வெற்றிடத்தைக் காட்ட எதுவும் தேவைப்படவில்லை.

பின்னங்களை எப்படி அமைப்பது? பலரும் இதை விட்டுவிடுகிறார்களே?

விடவே கூடாது. என்னைக் கேட்டால் ஒரு மக்களின் வாழ்க்கை முழு எண்களைவிடப் பின்னங்களில்தான் அதிகம் தெரியும். "ஒன்றின் கீழ் மூன்று" என்று பள்ளிப் பாணியில் அமைத்தால் உயிர் இருக்காது. நம் பழைய கணக்கைப் பாருங்கள்.

ஒன்றில் நாலில் ஒரு பங்கு கால். காலில் நாலில் ஒரு பங்கு வீசம், அதாவது 1/16. இது ஒரு வரிசை. இன்னொரு வரிசை மாவில் தொடங்கும்: மா என்பது 1/20. மாவில் நாலில் ஒரு பங்கு காணி, 1/80. காணியில் நாலில் ஒரு பங்கு முந்திரி, 1/320. ஒன்றை நாலு நாலாக வெட்டிக்கொண்டு போகிற கத்தி ஒன்று. இருபதில் தொடங்கி அதேபோல் வெட்டுகிற கத்தி இன்னொன்று. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் ரசமான இடம். வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர் உண்டு. மாவையும் காணியையும் கூட்டிப் பாருங்கள்: 1/20, 1/80, கூட்டினால் 5/80, அதுவே 1/16. பெயருக்குள்ளேயே கணக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். முந்திரிக்கும் கீழே போக வேண்டுமா? "கீழ்" என்று முன்னால் ஒட்டினால் போதும். கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320இல் ஒரு பங்கு, 1/1,02,400.

மாவும் காணியும் நில அளவைப் பெயர்களும்கூட. வயலும் நெல்லும் பங்கு பிரிக்கிற ஊரில்தான் இப்படிப்பட்ட சொற்கள் பிறக்கும். என் தீவில் நிலம் இல்லை, மீனைத்தான் பங்கிடுவார்கள். ஆகவே பாதிக்கு "நடுமுள்" என்ற பொருளுள்ள சொல், காலுக்கு "வால்துண்டு". மூன்றில் ஒன்றுக்குச் சொல்லே வைக்கவில்லை. மூவர் பங்கிட நேர்ந்தால் அங்கே சண்டைதான்.

எல்லாவற்றையும் ஒரே சொல்லால் எண்ணலாமா?

தமிழிலேயே முடியாது. மூன்று மாடு, ஆனால் மூவர்; நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர், ஒன்பதின்மர், பதின்மர். "நூற்றுவர்" இலக்கியத்தோடு நின்றுவிட்டது, பேச்சில் நூறு பேர் என்றாகிவிடுகிறது. அளவு பெரிதானால் ஆளும் பொருளாகிவிடுகிறான் போலும். ஜப்பானியத்தில் நீளமானதற்கு, தட்டையானதற்கு, சிறு பிராணிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணோடு ஒட்டும் வேறு வேறு சொற்கள் உண்டு. அந்த அளவுக்குப் போக வேண்டாமென்றால் விற்பனை அலகுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பூ முழத்தில், வெற்றிலை கவுளியில், வாழைப்பழம் சீப்பில், முட்டை டஜனில் என்று நாம் வாங்குகிற மாதிரி.

பெரிய எண்களுக்கு?

எத்தனை இலக்கத்துக்கு ஒரு முறை புதுப் பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் முடிவு செய்யுங்கள். நமக்கு ஆயிரத்துக்குப் பிறகு இரண்டிரண்டு இலக்கமாக லட்சம், கோடி. சீனருக்கும் ஜப்பானியருக்கும் நான்கு நான்காக.

எண்ணே இல்லாத மொழி செய்யலாமா?

செய்யலாம். அமேசான் காட்டின் பிரஹா மொழியில் துல்லியமான எண்ணுப்பெயர் கிடையாது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சோன்யா லாங் 2001இல் வெளியிட்ட டோக்கி போனாவில் ஒன்று, இரண்டு, பல என்பதோடு நிறுத்துவது ஒரு வழக்கு. ஆனால் உங்கள் கதையில் வரிவசூல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எண்ணுருக்களை, அதாவது எழுதும் குறிகளை, எப்படி வடிவமைப்பது?

இதற்கு நான் காட்டும் ஆசிரியர்கள் பள்ளி மாணவர்கள். அலாஸ்காவின் வடகோடியில் காக்டோவிக் என்ற சிற்றூர். அங்கே பேசப்படும் இனுபியாக் மொழி இருபதடி முறையில் எண்ணும். ஐந்து அதற்குள் துணை அடிமானம். 1990களின் தொடக்கத்தில் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் சிலர், நம் மொழியில் இருபது இருக்க, எழுத்தில் 0 முதல் 9 வரை பத்துக் குறிகள்தானே இருக்கின்றன என்று கவனித்தார்கள். முதலில் கூடுதலாகப் பத்துக் குறிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நினைவில் நிற்கவில்லை. பிறகு மொழி எண்ணுகிற விதத்தையே வரைந்தார்கள்: கீழே ஒன்றுகளைக் காட்டும் கோடுகள், மேலே ஐந்துகளைக் காட்டும் கோடுகள், கையை எடுக்காமல் வளைத்து வளைத்து எழுதுகிற மாதிரி. குறியைப் பார்த்தாலே அதன் மதிப்பு தெரியும். சில கூட்டல், வகுத்தல் கணக்குகளுக்கு வடிவங்களை ஒட்டியும் பிரித்தும் பார்த்தாலே விடை வந்துவிடும். 2022இல் இந்தக் குறிகள் யூனிகோடில் இடம்பெற்றன.

எழுத்தையே எண்ணாக்குவதும் ஒரு வழி. தமிழ் எண்ணுருவில் எட்டு ௮, அகரத்தைப் போல இருக்கும், காலுக்கு வகரம். "எட்டேகால் லட்சணம்" என்றால் அவலட்சணம் என்று திட்டுவது அப்படி வந்ததுதான். வசவுக்கு உதவுகிற எழுத்துமுறை கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

மங்கலம், அமங்கலம், முழு எண் எல்லாம் தேவையா?

எனக்கு இதுதான் பிடித்த பகுதி. களத்தில் நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்பார். இரண்டிலிருந்துதான் எண் தொடங்கும். மொய் எழுதினால் 100 எழுதுவதில்லை, 101. அறுபது ஆண்டுச் சுற்று முடிந்தால் மணிவிழா. ஓர் அடிமானமும் ஒரு நாட்காட்டியும் மக்கள் மனத்தில் எந்த எண்ணை "முழுசு" ஆக்குகின்றன என்று இவற்றிலிருந்து தெரிகிறது.

இங்கேதான் நான் வழுக்கினேன். கதையில் "நூறு வீரர்கள் கரையிறங்கினர்" என்று எழுதி, அப்படியே தீவுமொழியில் பெயர்த்தேன். கெவத்தா இஞ்சூர் இசன். இரண்டு கூடை, நான்கு கோர்வை, மேலே நான்கு! யாரோ பக்கத்தில் நின்று தலையை எண்ணியதுபோல் இருந்தது. தோராயமாகச் சொல்கிற வாய்க்கு அது வராது. "மருவத்தா" என்று மாற்றினேன், மூன்று கூடை. கணக்குப் பார்த்தால் 108 வருகிறது. தேங்காய் உடைக்கிற எண்ணாயிற்றே என்று சிரித்துக்கொண்டேன்.

செய்துமுடித்ததைச் சோதிப்பது எப்படி?

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விற்கட்டும், ஒருவர் பேரம் பேசட்டும். என் அக்கா மகளுக்கு ஒரு மாலை முழுக்க இந்த எண்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கருவாட்டுக் கோர்வைக்குப் பதிலாகத் தீப்பெட்டிகளை வைத்து வியாபாரம் செய்தோம். நான் இஞ்சூர் கேட்டேன், அவள் மச்சூருக்கு இறங்கச் சொன்னாள். விற்பவர் நான்தான், அதனால் அவள் மேலும் கேசூருக்கு இழுத்தாள். கடைசியில் மச்சூருக்கு முடிந்தது. பணத்துக்குப் பதில் புளியங்கொட்டைகளை எண்ணி வைத்தவள், ஆறாறாக மூன்று வரிசை வைத்துவிட்டு, கையில் ஒன்றை எடுத்துக் காட்டி, "மாமா, கொசுறுக்கு உங்கள் மொழியில் என்ன?" என்று கேட்டாள். என்னிடம் சொல் இல்லை. அன்றிரவே ஒன்று வைத்தேன்: தோதோ.